மேலாளரின் மீன்களுக்கு ஒரு கைப்பிடி உப்பு

மேலாளரின் மீன்களில் ஒன்று காலையிலிருந்து சாய்ந்து நீந்திக்கொண்டிருந்தது. கோணலாக மாட்டிய படத்தைப் பார்ப்பவர்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, தொட்டிக்கு முன்னால் நின்றார் திருத்தம். அப்படிப் பார்த்தபோது மீன் நேராகத்தான் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"என்னங்க, கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"மீன் சாயுது."

"அது சாயுதுன்னா நீங்க ஏன் சாயறீங்க?"

திருத்தம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. குழாய் விற்கும் நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவில் இருந்தார். யார் என்ன சொன்னாலும் 'ஒரு சின்னத் திருத்தம்' என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னால், "ஒரு சின்னத் திருத்தம். இது தூறல்" என்பார். சொன்னவர் நனைந்துகொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும். குழாய் ஒழுகுகிறது என்று வாடிக்கையாளர் எழுதினால், குழாய் ஒழுகவில்லை, தாங்கள்தான் சரியாக மூடவில்லை என்று பதில் போவதும் அவர் கையால்தான்.

அவர் வீட்டுக் குளியலறைக் குழாயும் அதே நிறுவனத்துக் குழாய்தான். முன்பு அது சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தம் கையாலேயே பழுது பார்த்தார். அதன் பிறகு ஒழுக ஆரம்பித்தது.

இப்பேர்ப்பட்டவரின் கூடத்துக்கு மேலாளரின் மீன் தொட்டி வந்து சேர்ந்த கதை இது. மேலாளர் மனைவியோடு வெளிநாட்டுக்கு ஒரு மாதப் பயிற்சிக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் திருத்தத்தைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, உட்காரவும் சொன்னார். அந்த அறையில் திருத்தம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தார்.

"வீட்டுல மீன் இருக்கு. தங்கமீன். என் சம்சாரத்துக்கு உயிரு. நான் யோசிச்சுப் பார்த்தேன். இதை ஒப்படைக்க உங்களை விட்டா இந்த ஆபீஸ்ல ஆள் இல்ல."

திருத்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. புகார்ப் பிரிவுத் தலைவர் பதவி காலியாக இருந்தது. அதற்குப் போட்டி இரண்டே பேர். ஒருவர் இவர். மற்றவர் வாய்தா. எந்த வேலையைக் கொடுத்தாலும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மேலாளர் திரும்பி வந்ததும் முடிவு. அந்த நிலையில் மீனை வாய்தாவிடம் கொடுக்காமல் தம்மிடம் கொடுக்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது குழந்தைக்குக்கூடப் புரியும். திருத்தத்துக்கே புரிந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் மேலாளர். "தினம் ஒரு கைப்பிடி உப்பு போடணும். உப்பு விழுந்தாத்தான் மீன் ஆரோக்கியமா இருக்கும். மறந்துடாதீங்க."

"ஒரு சின்னத் திருத்தம் சார்," என்று ஆரம்பித்த திருத்தம், நல்ல வேளையாகப் பதவியை நினைத்துக்கொண்டு, "மறக்கவே மாட்டேன்," என்று முடித்தார்.

மறுநாள் மேலாளரின் ஓட்டுநர் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே தங்கமீன்கள், பச்சைச் செடிகள், கண்ணாடியை நக்கிக்கொண்டே நகரும் நத்தைகள். ஓட்டுநர் திருத்தத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மீன்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் உப்பு விழுந்தது. மனைவி பார்க்கும்போது அடுப்படி ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி. மேலாளருக்குத் தம் விசுவாசம் தெரிய வேண்டும் என்பதற்காக, பார்க்காதபோது இன்னும் கொஞ்சம். மேலாளர் கடல் தாண்டி இருந்தார் என்பது விசுவாசத்துக்குத் தடையாக இல்லை.

இப்போது மீன் சாய்ந்துவிட்டது.

மேலாளரிடமிருந்து போன் வந்தது. மனிதர் இரண்டு நாளைக்கு ஒரு முறை தவறாமல் விசாரித்துவந்தார். அலுவலகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மீனைப் பற்றித்தான்.

"எப்படி இருக்கு?"

திருத்தம் கையைப் பிசைந்தார். "சார், ஒரு மீன் கொஞ்சம்... சாஞ்சாப்பல இருக்கு."

"அப்படியா?" மேலாளரின் குரலில் இதுவரை கேட்டிராத ஒரு கனிவு. "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் சார்."

"பரவாயில்ல, பரவாயில்ல. பயப்படாதீங்க. உப்பு போடறீங்கல்ல?"

"தவறாம சார்."

"இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்க. உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை. அப்புறம் பாருங்க, உயிருள்ள ஜீவன். ஏதாவது ஆச்சுன்னாக்கூட நான் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

போனை வைத்தபோது திருத்தத்துக்கு வியர்த்துவிட்டது. "பார்த்தியா," என்றார் மனைவியிடம். "ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம். அப்படின்னா என்ன அர்த்தம்? வாயால சொல்ல மாட்டாரு. கையெழுத்துப் போடறப்போ காட்டிடுவாரு."

"எனக்கென்னவோ அவரு நெசமாத்தான் சொல்றாருன்னு தோணுது."

"மேலதிகாரிங்க நெசமாப் பேசினதை நீ எங்க கேட்டிருக்க?"

உப்பைக் கூட்டினார். செடிகள் பழுப்பாகி, வேகவைத்த கீரை மாதிரி துவண்டன. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டுவிட்டு அடியில் விழுந்து கதவைச் சாத்திக்கொண்டன. தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு கோடு.

திருத்தம் இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். "தண்ணி ஆவியாப் போகுது. கூடவே உப்பும் போயிடுது. அதான் மீனுக்குச் சத்துப் பத்தல." ஆகவே குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் புதுத் தண்ணீரிலும் உப்பைக் கரைத்தே ஊற்றினார்.

மனைவி துவைக்கப் போட்டிருந்த அவருடைய சட்டையை எடுத்துவந்து முதுகுப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். "உங்க வேர்வை காஞ்சிருக்கு. தண்ணி போயிடுச்சு. இந்த வெள்ளைக் கோடு என்னது?"

"அது வேர்வை. இது மீன் தொட்டி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

அவள் சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில், எந்த இடத்தில் போய்விட வேண்டும் என்பதை மட்டும் அவள் சரியாகக் கற்றிருந்தாள்.

இந்த நேரத்தில் மூக்கை நுழைத்தான் மைத்துனன். மனைவியின் தம்பி, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். வாரம் ஒரு முறை அக்கா கையால் சாப்பிட வருவான். தொட்டியை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்றுக் குமிழி விடும் மோட்டாரைத் தட்டினான்.

"மாமா, எதுக்கும் இதை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க. பாதிப் பிரச்சினை அதுலயே போயிடும்."

ஆஃப் பண்ணினார்கள். அது அருமையாக ஆஃப் ஆயிற்று. ஆன் மட்டும் ஆகவில்லை. மைத்துனன் அதைத் திறந்து, ஊதி, துடைத்து, மறுபடி மூடினான். ஒரு திருகாணி மீந்தது. அதற்கு இடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"பழைய மாடல் மாமா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

குமிழி நின்றதும் மீன்கள் மேலே வந்து, வாயை ஆவென்று திறந்து திறந்து மூடின. பார்ப்பதற்குப் புகார் கொடுக்க வந்த வாடிக்கையாளர்கள்போலவே இருந்தன. திருத்தத்துக்கு அந்த முகங்கள் பழக்கமானவைதான். ஆனால் இவற்றுக்குப் பதில் எழுதிப் போட்டுத் தப்பிக்க முடியாது. ஒரு மூடியை வைத்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னார்.

அலங்கார மீன் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உப்பு போடறதுண்டா?"

"உண்டு."

"எவ்வளவு?"

உண்மையைச் சொன்னால் மேலாளரைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று திருத்தத்தின் உள்ளம் பதறியது. "தேவையான அளவுதான்," என்றார்.

"அப்ப உப்பால இல்ல. நோயாத்தான் இருக்கும்," என்று சொல்லி, கடைக்காரர் ஒரு புது மோட்டாரும் ஒரு நீல மருந்தும் கொடுத்தார். மருந்தில் சில துளி போதும் என்றார். சில துளிகளில் எந்தக் காலத்தில் எவன் பதவி உயர்வு வாங்கியிருக்கிறான்? திருத்தம் புட்டியைக் கவிழ்த்தார்.

தொட்டி நீலமாகிவிட்டது. மீன்கள் இருக்கின்றனவா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியவில்லை. ஒரு வகையில் அது நிம்மதியாகவே இருந்தது. ஆனால் போன் வந்தபோது என்ன சொல்வது என்ற சிக்கல்.

"எப்படி இருக்கு?"

"கண்ணுல படல சார்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "எல்லாமேவா?"

"தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கு சார். தெளிஞ்சதும் பார்த்துச் சொல்றேன்."

"அவசரமே இல்ல. மெதுவாச் சொல்லுங்க. நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க. நான் வந்ததும் உங்க விஷயத்தைக் கட்டாயம் கவனிக்கிறேன்."

"கவனிக்கிறேன்னுட்டாரு," என்று மனைவியிடம் வந்து உட்கார்ந்தார் திருத்தம். முகத்தில் ஈயாடவில்லை. "போச்சு. எல்லாம் போச்சு. மீன் செத்தா நான் செத்தேன்."

நீலத் தண்ணீரை மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார். அதற்குத் தொட்டியைக் குளியலறைப் பக்கம் நகர்த்த வேண்டும். தண்ணீரை இறைத்துவிட்டு நகர்த்தலாம் என்று மனைவி சொன்னாள். ஒரு சின்னத் திருத்தமாக, தண்ணீரோடேயே நகர்த்தலாம் என்றார் இவர். அடியில் ஒரு போர்வையைப் போட்டு, மைத்துனனை ஒரு பக்கம் இழுக்கச் சொல்லி, தாம் மறுபக்கம் தள்ளினார். தொட்டி வழுக்கிக்கொண்டு சிங்காரமாகப் போனது. குளியலறைக் கதவின் நிலையிலும் அதே சிங்காரத்தோடு இடித்தது.

கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்து, கீழிருந்து மேலாக, அவசரமே இல்லாமல் நடந்துபோனது. அடுத்த நிமிஷம் கூடமெங்கும் நீலக் கடல். மனைவி முறத்தால் மீன்களை அள்ளி அள்ளி, குளியலறைக் குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டாள். ஒன்று நாற்காலிக்கு அடியில் துள்ளியது. ஒன்று மைத்துனனின் செருப்பில் இருந்தது.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். தலையில் நீலமாகச் சொட்டியிருந்தது.

"சார், உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஒழுகுது."

"ஒழுகல," என்றார் திருத்தம், பழக்க தோஷத்தில். "நீங்கதான் சரியா..." அதற்கு மேல் எதைச் சரியாக மூடவில்லை என்று சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

கீழ்வீட்டுக்காரர் உதட்டை நக்கிப் பார்த்தார். "இது என்ன சார், உப்புக் கரிக்குது? மாடியில கடல் வெச்சிருக்கீங்களா?"

அன்றிலிருந்து மீன்கள் குளியலறையில் குடியிருந்தன. குடும்பம் மூலையில் ஒடுங்கி, முழங்கை இடிக்காமல் குளித்தது. மனைவி தன் தங்கை வீட்டில் போய்க் குளித்துவிட்டு வர ஆரம்பித்தாள். திருத்தம் மீதமிருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு, குளியலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அலுவலகத்தில் அவருடைய மேசையில் சேர்ந்த புகார்களையெல்லாம் வாய்தா பார்த்துக்கொள்கிறார் என்று செய்தி வந்தது. 'பார்த்துக்கொண்டுதான் இருப்பார், வேறென்ன செய்வார்' என்று இளக்காரமாகச் சிரித்துவிட்டு, திருத்தம் தம் கடமையைத் தொடர்ந்தார். காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி, நடுவில் மனம் கேட்காமல் ஒரு கைப்பிடி.

இங்கேதான் ஓர் அதிசயம். மீன்கள் தேறின.

சாய்ந்தது நிமிர்ந்தது. வாயைப் பிளந்தது மூடியது. செதில்கள் தேய்த்து வைத்த பித்தளைபோல் மின்னின. குழாய் இரவும் பகலும் நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க, தொட்டி வழிந்துகொண்டே இருந்தது. திருத்தம் போட்ட உப்பு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாக்கடை வழியாக ஊர் பார்க்கப் போய்விடும். அவர் பழுது பார்த்த குழாய் அவர் போட்ட உப்பைக் கழுவிக்கொண்டிருந்தது. இரண்டு முட்டாள்தனங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் நடுவில் மீன்கள் பிழைத்துக்கொண்டன. இது எதுவும் திருத்தத்தின் மூளைக்கு எட்டவில்லை. அங்கே எட்டுவதற்குப் படிக்கட்டும் கிடையாது.

"பார்த்தியா உப்போட மகிமையை," என்றார் மனைவியிடம். "பெரியவங்க ஒண்ணு சொன்னா அதுல காரணம் இருக்கும். போட வேண்டிய அளவு போட்டதும் எப்படிக் கொழுத்துடுச்சு பாரு."

"அந்தக் குழாயைச் சரி பண்ண ஆளைக் கூப்பிடட்டுமா?"

"எனக்குத் தெரியாத குழாயா? மீன் போகட்டும், நானே பார்த்துக்கறேன்."

அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் தொட்டியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊசி முனை மாதிரி ஏதோ நெளிந்தது. மைத்துனன் கடையில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"மாமா, குஞ்சு பொரிச்சிருக்கு. ஏகப்பட்டது."

திருத்தத்துக்கு வாயெல்லாம் பல். போன் வந்தபோது முந்திக்கொண்டு அவரே ஆரம்பித்தார். "சார், கவலையே வேணாம். எல்லாம் நல்லா இருக்கு. நிமிர்ந்து நீந்துது. பார்த்தா அசந்துடுவீங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"சார்? கேக்குதா சார்?"

"கேக்குது," என்றது குரல், வெகு தூரத்திலிருந்து. "உப்பு போடறீங்கல்ல?"

"மூணு வேளையும் சார்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. "பேச்சே வரல பாவம்," என்றார் திருத்தம். "அவ்வளவு சந்தோஷம்." குஞ்சு விஷயத்தை அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. நேரில் சொல்லி மகிழ்விப்பதாக இருந்தார்.

மேலாளர் ஊர் திரும்பிய அன்று, திருத்தம் பழையதைவிடப் பெரிதாக ஒரு புதுத் தொட்டி வாங்கி, மீன்களைக் குடும்பத்தோடு அதில் குடியேற்றி, மேலாளரின் காரில் ஏற்றி, மடியில் பிள்ளையைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டு போய் அவர் வீட்டில் இறக்கினார். ஓட்டுநர் வழி முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். சாலையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

மேலாளரின் மனைவி ஓடிவந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "என் கண்ணுங்களா, எப்படி வளர்ந்துட்டீங்க," என்று உருகினாள். உடனே போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாமே இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

"ஒண்ணு கூடக் குறையலையா?"

"ஒரு சின்னத் திருத்தம் சார்," என்று குழைந்தார் திருத்தம். நாள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை. "கூடியிருக்கு. உத்துப் பாருங்க, ஓரத்துல எல்லாம் குஞ்சு. இதெல்லாம் வளர்ந்து, அதுங்களும் குஞ்சு பொரிச்சு, இனி இந்த வீட்டுல எந்தக் காலத்துலயும் மீன் இல்லாமப் போகாது."

மேலாளரின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நுனியில் அல்ல, அடித்துப்போட்டாற்போல நடுவில். திருத்தமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படியொரு மேலதிகாரி யாருக்குக் கிடைப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. புகார்ப் பிரிவுத் தலைவர், வாய்தா. திருத்தம், நகருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்கு மாற்றம். அங்கே ரப்பர் வாஷர்களை அளவுவாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும்.

இரண்டு முறை படித்தார். திருத்துவதற்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. மேலாளர் அறைக்குப் போனார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. படியிறங்கிக் கீழே வந்தால், ஓட்டுநர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின் இருக்கை நிறையப் பெட்டிகள், ஒரு சுருட்டிய மெத்தை, ஒரு பூப்போட்ட தலையணை.

"நீங்களே சொல்லுங்க," என்றார் திருத்தம். "அந்த மீனுக்காக நான் விடுப்பைத் தின்னேன், வீட்டை நாசம் பண்ணினேன், குளியலறையில முக்காலி போட்டுக் குந்தினேன். அவரு சொன்ன உப்பை ஒரு வேளை தப்பினது இல்ல. என்ன குறை வெச்சேன் நான்?"

ஓட்டுநர் துணியைப் பிழிந்து உதறினார். அவர் கண்ணில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான்.

"நீங்க வேற சார். அதுங்க ஐயாவோட மாமியார் கொடுத்த மீனு, அதுங்களைப் பார்க்கணும்னுதான் அந்தம்மா மாசா மாசம் மூட்டையோட வந்து உக்காந்துக்குது. தன் கையால ஒண்ணும் பண்ண முடியாதேன்னு ஐயா ஆபீஸ் முழுக்கச் சலிச்சு, உப்பையும் சொல்லிக் கொடுத்து, இதைச் சாகடிக்க உங்களை விட்டா ஆள் இல்லைன்னு உங்க திறமையை நம்பித்தானே சார் ஒப்படைச்சாரு?"